கொத்தனாருக்கு ஒரு கட்டைவிரல்

மருந்துக்கடை வேலையில் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன்: நாம் ஒருவருக்குச் சொல்லும் யோசனையை அவரைத் தவிர பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் சகபாவிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வங்கியோ, ரேஷன் கடையோ, டிக்கெட் ஜன்னலோ, ஓட்டைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் படும் பாடு ஒன்றுதான். என் ஓட்டை திண்டிவனத்தில் இருக்கிறது. தோல் டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்கை ஒட்டினாற்போல் ஒரு மருந்துக்கடை. அதில் நான் பார்மசிஸ்ட். வீடு விழுப்புரம். தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கடையில் பில் போடுவது ரூபி. முகையூர்க்காரி, நல்ல பெண். அவள் வாய்க்குத் தனியாக ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று டாக்டரம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிடக்கிறது. டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கியவர்கள் அதில்தான் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? நான் யாருக்கு என்ன சொல்கிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே நடந்த கூத்துகளுக்குப் பாதிக் காரணம் அந்தப் பெஞ்சு. மீதிக்குக் காரணம் ஒரு கட்டைவிரல்.

விரல் விற்கும் கடை

தர்மலிங்கம் முதல் தடவை வந்தபோது கையில் மருந்துச் சீட்டு எதுவும் இல்லை. ஐம்பது வயதிருக்கும். ஊர் கிளியனூர், தொழில் கொத்தனார். கூடவே அவர் மனைவி கஸ்தூரி. கணவர் சுவர் எழுப்பும் இடத்திலெல்லாம் சித்தாளாகக் கலவை சுமப்பவர். கொத்தனார் இரண்டு கைகளையும் கவுண்டர் கண்ணாடி மேல் மல்லாத்தி வைத்து, "ரேகை வர்றதுக்கு எதுனா களிம்பு இருக்குதா மேடம்?" என்றார்.

கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாகச் செதில். விரல் நுனிகளில் வெடிப்பு. கட்டைவிரலில் வரி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விவரம் கேட்டேன். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் வீடு கட்டியவர், தமக்கென்று ஒரு வீடு கட்ட கிளியனூரிலேயே ஒரு மனை பேசி முடித்திருக்கிறார். பத்திரம் எழுதியாகிவிட்டது. ரெஜிஸ்டர் ஆபீசில் போய்க் கட்டைவிரலை வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் விழவில்லை. ஆதாரில் கொடுத்திருந்த போன் நம்பர் எப்போதோ செத்துப் போய்விட்டதால் ஓடிபிக்கும் வழியில்லை. மனையை விற்பவர் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், கோபக்காரர். ஒரு மாசம் டைம், அதற்குள் விரலைத் தயார் செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ரேகைக்கென்று தனியாகக் களிம்பு கிடையாது, டாக்டரம்மாவைப் பாருங்கள் என்றேன். கொத்தனார் என் அலமாரிகளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"இம்மாம் பெரிய கடைய வெச்சிக்கினு, ஒரு வெரலுக்கு ரேகை இல்லன்றீங்களே மேடம்!"

கொழுப்பு கம்மி

எங்கள் டாக்டரம்மாவுக்கு எதையும் உதாரணம் சொல்லி விளக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. அன்று ஏதோ மருந்து இருப்பு கேட்க என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார், அதனால் நானும் கேட்டேன்.

"உங்க தோல் ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்லுங்கதான் செங்கல். அதுக்கு நடுவுல ஒரு கொழுப்பு இருக்கு, அதுதான் கலவை. கலவை சரியா இருந்தா உடம்புத் தண்ணி வெளிய போகாது, வெளிய இருக்கற கண்டதும் உள்ள வராது" என்றார். சிமெண்டும், அதைக் கழுவ அவர் போடும் துணி சோப்பும் சேர்ந்து அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட்டன. உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தோல் காய்ந்து, வெடித்து, ரேகை மழுங்கிவிட்டது. இதுதான் சங்கதி.

கொத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் பாஷை பேசும் டாக்டரை அவர் அதுவரை பார்த்ததில்லை. "கலவை ஒண்ணுக்கு நாலா, ஒண்ணுக்கு ஆறா?" என்று கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் திணறிவிட்டு, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று மூன்று சமாச்சாரம் அதில் உண்டு என்றார். "மூணு ஐட்டமா? அப்ப கான்கிரீட்டுனு சொல்லுங்க" என்று கொத்தனார் ஆமோதித்தார். இரண்டு இன்ஜினியர்கள் பேசிக்கொள்வது போலிருந்தது.

கடைசியில் டாக்டரம்மா கஸ்தூரி பக்கம் திரும்பி, மொத்தத்தில் உங்கள் வீட்டுக்காரருக்குக் கொழுப்பு குறைந்துவிட்டது, அவ்வளவுதான், பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அதுவரை வாயைத் திறக்காமலிருந்த கஸ்தூரி கணவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"இந்தாளுக்கா கொழுப்பு கம்மி? நல்லா பாத்து சொல்லுங்க டாக்டரம்மா."

செவுருன்னா தண்ணி

புண்ணுக்கு ஒரு களிம்பும், மேலே பூசிக்கொள்ளப் பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்தனுப்பினோம். "ஜல்லியா? ஜல்லிய கைல எப்டி தடவறது?" என்று கொத்தனார் மலைத்துப்போய், டப்பாவைத் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார். அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு அது ஜல்லிதான். நாங்களும் திருத்தவில்லை. போகப்போக ரூபியே "ரெண்டு ஜல்லி" என்று சொல்லித்தான் அலமாரியிலிருந்து எடுத்தாள்.

அடுத்த வாரம் வந்தார். கை முன்பைவிட மோசம். வெடிப்புகளில் ரத்தம் எட்டிப் பார்த்தது. களிம்பு போட்டீர்களா என்றேன். போட்டாராம். ஜெல்லி? அதுவும் போட்டாராம். வேறு என்ன செய்தீர்கள் என்றதும் முகத்தில் ஒரு பெருமை வந்தது. காலையும் மாலையும் கையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மீதி நேரம் ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாராம். புதுத் தூணுக்குச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்களே, அந்த க்யூரிங். டாக்டரம்மா சொல்ல மறந்துவிட்டார், பரவாயில்லை, நமக்குத் தெரியாதா என்று அவராகவே சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தோல் விஷயத்தில் கதை தலைகீழ். ஊற ஊற மிச்சமிருக்கும் கொழுப்பும் கழன்றுவிடும். கையை வெளியே எடுத்ததும், ஊறிய தண்ணீர் போகிற போக்கில் உள்ளேயிருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கழுவினால் உடனே ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மேலே பிசுபிசுப்பாக ஒன்றைப் பூசி மூட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தங்கும். தொண்டை வற்ற இவ்வளவையும் சொன்னேன். கொத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார்.

"செவுருன்னு சொன்னது நீங்க. தண்ணி ஊத்தாம நின்ன செவுரு ஒண்ணு காட்டுங்க, நான் கொத்துக்கரண்டிய கீழ வெச்சிடறேன்."

மேலுக்கு மட்டும்

ஓமந்தூர் அஞ்சலை களை பறிக்கப் போகிறவர். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. தடித்த தோலைக் கரைப்பதற்கு அமிலம் சேர்ந்த களிம்பு ஒன்றை டாக்டரம்மா எழுதியிருந்தார். வயிற்றுக்குச் சாப்பிடுகிற மருந்தில்லை, வெளியே பூசுவதற்கு மட்டும் என்பதைத் தெரிவிக்க, ரூபி அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் கவர் மேல் "மேலுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் மேலு என்றால் உடம்பு. மேலுக்கு முடியவில்லை என்றால் உடம்பு சரியில்லை. மேலுக்கு ஊற்றிக்கொண்டேன் என்றால் குளித்துவிட்டேன். ரூபிக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். எழுதும்போது யாருக்கும் உறைக்கவில்லை. சில நாள் கழித்து அஞ்சலை கழுத்தும் கையும் வயிறும் சிவந்து, தோல் உரிந்து வந்து நின்றார். கழுத்திலிருந்து முழங்கால்வரை ஓர் இடம் விடாமல் பூசியிருக்கிறார். குதிகாலில் மட்டும் ஒரு பொட்டு வைக்கவில்லை. ஏன் என்றால், "மேலுக்கு மட்டும்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, காலுக்கு ஏன் போடலன்னு கேட்டா எப்டிம்மா?" என்றார்.

குதிகால் தோல் கெட்டி. மருந்து கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும். கழுத்துத் தோலும் வயிற்றுத் தோலும் அப்படியில்லை, மெல்லிசு. அந்த வழியாக மருந்து சுலபமாக இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். இந்த அமிலம் ரத்தத்தில் அதிகமானால் முதலில் காதுக்குள் இரைச்சல் கேட்கும். இதையெல்லாம் நான் பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெஞ்சில் அன்று தர்மலிங்கமும் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அஞ்சலையைப் பார்த்து, மருந்தை நிறுத்தி, ரத்தப் பரிசோதனையும் செய்து, ஆபத்து எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கு முன்னால் கவுண்டரில் வைத்து, காதுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று அஞ்சலையை நான் கேட்டேன்.

"அது கண்ணாலம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கினுதான்மா இருக்குது. அதுக்கும் சேத்து எதுனா குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

பட்டி பார்த்த விரல்

அன்றோடு ரூபி மேலையும் கீழையும் விட்டுவிட்டு "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுத ஆரம்பித்தாள். முதல் கவரே கொத்தனார் கையில் போய்ச் சேர்ந்தது. "வெளிப்பூச்சு நமக்கு. அப்ப உள்பூச்சுக்கு வேற ஆளு வெச்சிருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். களிம்பைச் சுவரில் பூசாமல் இருந்தாரே, அதுவரை சந்தோஷம்.

ஆனால் அஞ்சலைக்கு நான் சொன்னது அவர் மனசில் பதிந்திருந்தது. தடித்த தோலில் மருந்து இறங்காது, மெல்லிய தோலில் விறுவிறுவென்று இறங்கும். சரி, தடிப்பைக் குறைத்துவிட்டால் போயிற்று. வீட்டுக்குப் போய் உப்புத்தாளை எடுத்து, பெயிண்டர் சுவரைத் தேய்ப்பது போல இரண்டு கட்டைவிரல்களையும் தேய்த்திருக்கிறார். "பட்டி பாத்து வெச்சிருக்கேன் மேடம். இனிமே மருந்து கடகடன்னு எறங்கும் பாருங்க" என்று நீட்டினார். பளபளவென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் தெரிந்த ஒன்றிரண்டு வரிகளும் போயிருந்தன. மருந்து இறங்கும், சந்தேகமில்லை. மெஷின் பார்ப்பதற்குத்தான் எதுவும் மிச்சமில்லை.

டாக்டரம்மா அன்று உதாரணமே சொல்லவில்லை. நேராகச் சத்தம் போட்டார். கண்டக்டர் கொடுத்த கெடு முடியும்வரை சிமெண்டைத் தொடக் கூடாது, சோப்பு கூடாது, கையைத் தண்ணீரில் போடக் கூடாது. பகலெல்லாம் ஜெல்லி பூசிப் பருத்தி உறை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தோல் தானாக வளர்ந்து மேலே வரும், வரும்போது ரேகையைக் கூட்டிக்கொண்டு வரும், நீங்கள் குறுக்கே போகாமல் இருந்தால் போதும் என்றார்.

கொத்தனாருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "கரண்டி புடிக்காம ஊட்ல உக்காந்துக்கினு நான் இன்னா பண்ணுவேன் மேடம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சொந்த வீடு கட்ட ஒரு மனை வேண்டும், மனைக்கு விரல் வேண்டும், விரல் வேண்டுமானால் வீடு கட்டும் வேலையை விட வேண்டும். அவரை நான் தேற்றிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி டாக்டரம்மாவிடம் தம் சந்தேகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிமெண்டு தொடக்கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது, துணி தொவைக்கக்கூடாது, கைல ஒற போட்டுக்கினு ராஜா மாரி உக்காந்துக்கினு இருக்கணும். இந்த வியாதி எனக்கு எப்ப டாக்டரம்மா வரும்?"

சிரித்த கண்டக்டர்

மனையை விற்கும் கண்டக்டரும் எங்கள் வாடிக்கையாளர்தான், திண்டிவனத்திலேயே இருக்கிறார். தீராத முதுகுவலி. பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஒட்டிக்கொள்ளும் வலி பட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீரியமான மருந்து, தோல் வழியாகச் சொட்டுச் சொட்டாக நாள் கணக்கில் உள்ளே போகும். மனிதர் கடைக்கு வந்தால் ரூபி நடுங்குவாள். சில்லறை சரியில்லை என்பார், கவர் சரியில்லை என்பார், பெஞ்சில் இருப்பவர்களை "உள்ள போ, உள்ள போ" என்று நெருக்கி உட்கார வைப்பார்.

கெடு முடியும் சமயத்தில் ஒரு நாள் காலை மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ரூபியைக் கண்ணு என்று கூப்பிட்டார். பெஞ்சைப் பார்த்து, "எல்லாரும் ஏறிக்கிங்க, நெறைய எடம் இருக்குது" என்றார். கைக்கு உறை மாட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்த தர்மலிங்கம் இதுதான் சமயம் என்று எழுந்து போய், விரல் இன்னும் தயாராகவில்லை, கொஞ்சம் டைம் வேண்டும் என்று கேட்டார். "ரெண்டு மாசம் எடுத்துக்கய்யா, மனை எங்க ஓடியா போவுது?" என்றார் கண்டக்டர். நேற்றிலிருந்து இப்படித்தான் தங்கமாக இருக்கிறார் என்று அவர் மனைவி பூரித்துப்போனார்.

தங்கம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. கண் பாதி மூடியிருந்தது, பேச்சும் குழறியது. முதுகில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வலிக்கிறதே என்று பட்டைக்கு மேலேயே சுடுதண்ணிப் பை வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாராம் அந்த அம்மா. வலி என்றால் ஒத்தடம், இது நம் வீடுகளில் கேட்டுச் செய்யும் காரியமா? ஆனால் சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக இறங்கும், தோலும் வழிவிடும். பல நாளைக்கான மருந்து அவசர அவசரமாக அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. மூச்சே அடங்கிவிடக்கூடிய விஷயம். டாக்டரம்மாவை ஓடிப்போய் அழைத்து வந்தேன். பட்டையைப் பிரித்தெடுத்து, மூச்சைக் கவனித்தபடி அவரே ஆட்டோவில் கூட ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கையோடு கண்டக்டர் கடைக்கு வந்து, முன்பு கொடுத்த பத்து ரூபாய் நோட்டு கிழிசல் என்று ரூபியைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மாசக் கணக்கை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் எப்போது சொன்னேன் என்றார். பெஞ்சே சாட்சி சொன்னது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே இன்னும் பதினைந்து நாள் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, தர்மலிங்கம் கண்ணாடிப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த சுடுதண்ணிப் பை இங்க கெடைக்குமா மேடம்?"

மெஷின் ஒத்துக்கிச்சி

டாக்டரம்மா சொன்னது பலித்தது. வெடிப்பு மூடியது, செதில் போனது, விரலில் வரி வரியாக ஏதோ தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் கொத்தனார் வேகாத வெயிலில் மூச்சு வாங்க வந்து, வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு பை நிறையக் கவுண்டரில் வைத்தார். ரேஷன் கடைக்கு எப்போதும் கஸ்தூரிதான் போவாராம். இன்று வீம்புக்கு இவர் போய்க் கட்டைவிரலை வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது கொத்தனாருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் ரூபி பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன். ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிற அன்று மட்டும் விரலில் எதையும் பூசாதீர்கள், பிசுக்கு வரிகளை அடைத்துவிடும், நன்றாகத் துடைத்துக்கொண்டு போங்கள் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். கூட வந்திருந்த கஸ்தூரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார் மட்டும் வந்ததிலிருந்து சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் தர்மலிங்கம்னு அந்த மெசினு ஒத்துக்கிச்சி மேடம்!"

பஸ்ஸில் ஒரு கோட்டு

ரெஜிஸ்டர் முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள். கொத்தனார் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். நடந்ததைக் கஸ்தூரிதான் சொன்னார். முதல் நாள் ஆபீசில் இவர் விரல் மறுபடியும் விழவில்லை. வைத்தால் வழுக்குகிறது. துண்டால் துடைத்துவிட்டு வைத்தாலும் மெஷினுக்குத் தெரிவது ஒரே மெழுக்கு. பின்னால் வரிசையில் நின்றவர்கள், ஜல்தியா ஆவட்டும் என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சாட்சிக்கு வந்த கஸ்தூரி விரலை வைத்ததும் பட்டென்று விழுந்திருக்கிறது. கண்டக்டர் பொங்கிவிட்டார். இந்த ஆள் விரலை நம்பி நான் இன்னொரு தரம் வரமாட்டேன், பேஜாரு புடிச்ச வேலை, விழுகிற விரல் பேரில் பத்திரத்தை எழுதுங்கள் என்று ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் பத்திரத்தை மாற்றி எழுதி, மறுநாள் மனை கஸ்தூரி பேரில் பதிவாகிவிட்டது.

எனக்கு ஆற்றாமை. அவ்வளவு பாடுபட்டு வரவைத்த ரேகை. துடைத்துக்கொண்டு போங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேனே, துடைக்கவில்லையா என்று கேட்டேன். கஸ்தூரி எதிர்க் கடையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடி ஓட்டைக்குள் முகத்தை நுழைக்காத குறையாகக் குனிந்தார்.

"பஸ்ஸுல நாந்தான் ஜல்லிய எடுத்து ஒரு கோட்டு போட்டு வுட்டேன் மேடம். கேக்கறவனுக்கெல்லாம் கட்டவெரல நீட்டற ஆளு இவரு. தம்பிக்கு ஜாமீன் நின்னு, எங்க மாமியா குடுத்த மனை ஒண்ணு ஏற்கெனவே போச்சி. கெடச்ச ரேகைய வெச்சிக்கினு இதயும் யாருக்காவது நீட்டுவாரு. என் வெரலு யாருக்கும் நீளாது."

காலியான பெஞ்சு

மனையில் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் போட்ட பிறகு கொத்தனார் ஒரு நாள் தனியாக வந்தார். இப்போது ரப்பர் உறை மாட்டிக்கொண்டுதான் கலவையைத் தொடுகிறார். கை நன்றாக இருந்தது. ஒரு ஜல்லி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். மதியம், பெஞ்சு காலி. ரூபி மட்டும் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மனசு கேட்காமல், இவ்வளவு கஷ்டப்பட்டும் மனை உங்கள் பேரில் வரவில்லையே, வருத்தமில்லையா என்று கேட்டுவிட்டேன். கொத்தனார் ஜெல்லி டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். திரும்ப மூடினார்.

"ஜல்லி தடவனா எனக்குத் தெரியாதா மேடம்? கிளியனூர்ல ஏறனதுலேர்ந்து திண்டிவனம் வர்ற வரிக்கும், கைய புடிச்சிக்கினு பத்து வெரலுக்கும் தடவிக்கினே வந்தா. ஊர்ல கேட்டவனுக்கெல்லாம் நீட்டுன வெரலு, அவ கேட்டா நீட்ட மாட்டனா? அவளாண்ட சொல்லிடாதீங்க. என்ன ஏமாத்திட்டோம்னு சந்தோஷமா இருக்கறா."

தோலுக்குள் எது போகும், எதிலிருந்து எது கசியும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரூபியின் வாயிலிருந்து இது கசியாமலிருக்க எந்தக் கொழுப்பைப் பூசுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.